படத்தில் வரும் மிருகத்துக்கு என்னதான் அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கண்ணங்குறிச்சியில் ஒரு மாடி அறையில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்க்கிறோம். பெரும்பாலும் "தலையும் புரியலை, வாலும் புரியலை" என்று பெயர் வாங்கிய படங்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணியபடியே உட்கார்ந்திருக்கும் காப்பித் தோட்டக்காரர் என்று கலவையான கூட்டம். விளக்கைப் போட்டதும் கேள்விகள் ஆரம்பிக்கும். அதில் பாதி மிருகங்களைப் பற்றியதாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பல படங்களின் முடிவு இதில் வந்துவிடும். அது பிடிக்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

படத்துல திடீர்னு ஒரு மிருகம் வருதுங்க. அதுக்கு அர்த்தம் இருக்கா, இல்லை சும்மா வந்துட்டுப் போகுதா?

முதலில் கதைக்குள் அதற்கு என்ன வேலை என்று பாருங்கள். மாடு வண்டி இழுத்தால், நாய் வீட்டுக்குக் காவல் இருந்தால், அதற்கு மேல் தோண்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் ஒன்று வந்து நின்றாலோ, வேலை முடிந்த பிறகும் கேமரா அதை விட்டு நகராமல் இருந்தாலோ கவனிக்கலாம்.

லூயி புனுவெல் மெக்சிகோவில் எடுத்த 'தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) படத்தில் பணக்காரர்கள் ஒரு மாளிகைக்கு விருந்துக்கு வருகிறார்கள். அப்புறம் அந்த அறையை விட்டு அவர்களால் வெளியேற முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் சில ஆடுகளும் ஒரு கரடியும் திரிகின்றன. விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட வீட்டுக்காரி ஏற்பாடு செய்தது என்று ஒரு காரணமும் படத்திலேயே இருக்கிறது. பசி முற்றியதும் ஆட்டை அடித்துத் தின்கிறார்கள். அதுவரை ஆடு ஆடுதான். கடைசியில் இன்னொரு கூட்டம் தேவாலயத்துக்குள் மாட்டிக்கொள்ளும்போது ஒரு மந்தையே அதற்குள் நுழைகிறது. முன்பு பார்த்த ஆடு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. அடுத்து தின்னப்படப் போவது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. முதல் முறை ஆட்டுக்குக் கதைக்குள் காரணம் இருந்தது, இரண்டாம் முறை இல்லை. தேட வேண்டியது அந்த இரண்டாம் முறையில்தான்.

ஆந்தைன்னா சாவு, பாம்புன்னா காமம், புறான்னா சமாதானம். இந்த மாதிரி முழு லிஸ்ட் எங்கேயாவது கிடைக்குமா அண்ணா?

கிடைக்கும், நிறையவே. வாங்காதீர்கள். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்ப்பதைப் போலத்தான் அது: எந்தப் பல்லி, யார் வீட்டில், ஏன் விழுந்தது என்றெல்லாம் அதற்குக் கவலை கிடையாது. தோளில் விழுந்தால் இன்னது, அவ்வளவுதான்.

மயிலை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'அமர்கார்ட்' (1973) படத்தில் ஒரு சிற்றூரில் பெரும் பனி கொட்டுகிறது. பையன்கள் பனிக்கட்டியை எறிந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது பிரபு வீட்டு மயில் பறந்து வந்து வெள்ளைத் தரையில் இறங்கித் தோகையை விரிக்கிறது. நம் கூட்டத்தில் ஒருவருக்கு உடனே முருகன். கிறிஸ்தவக் கலையில் மயில் அழியாமையின் அடையாளம் என்பது இத்தாலியருக்குப் பழக்கமானது. ஓமலூர்ப் பக்கம் காடு வைத்திருப்பவருக்கு மயில் என்றால் விதைத்ததைக் கொத்திப் போகும் தொல்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் படத்தில் அந்த மயிலைச் சுற்றி நிற்பது என்ன? அதற்குச் சற்று முன்னால் பையன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சற்றுப் பின்னால் அவள் செத்துப்போகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கும் ஓர் அழகு. எந்தப் பட்டியலும் இதைச் சொல்லாது.

லிஸ்ட் வேண்டாம்னா அப்புறம் எதை வெச்சுப் பார்க்கறது?

எங்கள் தமிழாசிரியர் இதற்குக் குறுந்தொகையின் 25-ஆம் பாட்டைச் சொல்வார். கபிலர் பாட்டு. தலைவன் அவளோடு கூடியபோது சாட்சிக்கு யாருமே இல்லை, அவன் இப்போது பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம் நினைவுக்கு வந்தவளைப் போல ஒன்றைச் சேர்க்கிறாள்:

"தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே."

ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு, கொக்கு மாதிரியான பறவை, இருந்தது. அவ்வளவுதான் பாட்டு. குருகு என்றால் துரோகம் என்றோ தனிமை என்றோ அகராதியில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அது என்ன செய்கிறது என்று பாருங்கள்: மீனைப் பார்க்கிறது, இவர்களைப் பார்க்கவில்லை. இருந்த ஒரே சாட்சிக்கும் தன் இரைதான் கண். அவள் நிலைமை முழுக்க அந்தப் பார்வையில் இருக்கிறது. தினைத்தாள் மாதிரியான மெல்லிய காலை எவ்வளவு கூர்மையாக நினைவு வைத்திருக்கிறாள் என்பதும் சேர்த்தி.

புரியாத படத்துக்கும் இதே வழிதான். அந்த மிருகம் என்ன செய்கிறது, யாரைப் பார்க்கிறது, படத்துக்குள் யார் கண்ணுக்கெல்லாம் தெரிகிறது, முதலில் எங்கே வந்தது, திரும்ப வரும்போது என்ன மாறியிருக்கிறது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். பல படங்களில் மிருகம் திரைக்கு வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். இவ்வளவையும் பார்த்த பிறகு 'எதன் குறியீடு' என்ற கேள்விக்குத் தேவையே இல்லாமல் போவதும் உண்டு.

தலைப்புல மான்னு போட்டிருக்கான். படம் பூரா மானே இல்லை. மான் பார்க்கணும்னா குரும்பப்பட்டி ஜூவுக்குப் போயிருக்க மாட்டேனா?

நியாயமான கோபம். யோர்கோஸ் லாந்திமோஸின் 'தி கில்லிங் ஆஃப் எ சேக்ரட் டீர்' (2017) பற்றிய கேள்வி இது. கிரேக்கப் புராணத்தில் அகமெம்னன் ஆர்ட்டெமிஸ் தேவிக்கு உரிய மானைக் கொன்றுவிடுகிறான். அதற்கு ஈடாக மகள் இஃபிஜெனியாவைப் பலி கேட்கிறாள் தேவி. படத்தில் ஓர் அறுவை மருத்துவரின் கையில் நோயாளி இறந்துபோயிருக்கிறார். ஈடாக அவர் குடும்பத்தில் ஓர் உயிர் போயாக வேண்டும் என்று இறந்தவரின் மகன் வந்து நிற்கிறான். மான் கதைக்கு முன்பே செத்துவிட்டது, அதனால்தான் திரையில் இல்லை.

இந்த வழக்கம் பழசு. புனுவெலும் ஓவியர் சால்வடோர் தாலியும் 1929-இல் எடுத்த குறும்படத்தின் பெயருக்கு 'ஆண்டலூசிய நாய்' என்று பொருள். அதில் நாயே கிடையாது. லாந்திமோஸின் 'தி லாப்ஸ்டர்' (2015) படத்தில் துணை கிடைக்காதவர்களை அவரவர் கேட்கும் மிருகமாக மாற்றிவிடுவார்கள். நாயகன் கேட்பது சிங்கி இறால். அதைக் கடைசிவரை காட்டுவதில்லை. ஆனால் காட்டுக் காட்சிகளில் பின்னணியைப் பாருங்கள்: ஒட்டகம் ஒன்று நடந்து போகும், மயில் மேயும். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு காலத்தில் அதெல்லாம் யாரோ ஒருவர் என்று நமக்கே உறைக்கும்போதுதான் படம் கலங்கடிக்கிறது. நான் பார்த்ததில் பின்னணி மிருகங்களை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய படம் குறைவு.

இயக்குநரே "இதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை"ன்னு சொல்லிட்டார். நாம மட்டும் ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?

'ஆண்டலூசிய நாய்' எழுதும்போது புனுவெலும் தாலியும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்: அறிவுபூர்வமாக விளக்கிவிடக்கூடிய எந்தப் படிமத்தையும் சேர்க்கக் கூடாது. கை நிறைய எறும்பு ஊர்வது தாலி கண்ட கனவு. நிலவை மேகம் வெட்டுவது போலக் கண்ணைச் சவரக்கத்தி வெட்டுவது புனுவெலின் கனவு. பியானோக்கள் மேல் செத்த கழுதைகளைக் கிடத்தி இழுக்கிறார்கள். ஆனால் புனுவெல் இளவயதில் மாட்ரிடில் பூச்சியியல் படித்தவர். அடுத்த படமான 'லாஜ் டோர்' (1930) தேள்களைப் பற்றிய ஆவணப்படத் துண்டோடுதான் தொடங்குகிறது. விளக்கம் கூடாது என்று விதி போட்ட மனிதருக்கும் எதைப் பார்த்தால் கண் நிற்கும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது பாருங்கள். விளக்கம் இல்லை என்றாலும் அவர் விருப்பு வெறுப்பைப் படிக்கலாம்.

ருஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் மறுப்பு வேறு வகை. 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் ஒரு வழிகாட்டியும் வேறு இருவரும் வரம் கேட்க நுழையும் 'மண்டலம்' எதைக் குறிக்கிறது என்று கேட்டவர்களிடம், எதையும் குறிக்கவில்லை, அது மண்டலம்தான், அது வாழ்க்கை என்றார். அந்தப் படத்தில் ஒரு கறுப்பு நாய் வருகிறது. மண்டலத்துக்குள் அந்த மூவருக்கும் அருகில் வந்து படுக்கிறது, அப்புறம் வழிகாட்டியோடு வெளியே வந்து அவன் வீட்டுக்கே போய்விடுகிறது. எமன் என்றார் ஒருவர், விசுவாசம் என்றார் இன்னொருவர். எனக்குத் தெரிவது ஒன்றுதான்: அவ்வளவு பாடுபட்டு உள்ளே போனவர்கள் கேட்க நினைத்த வரத்தைக் கேட்காமலேயே திரும்பினார்கள். அங்கிருந்து கூட வந்தது இந்த நாய் மட்டும். இதைச் சொல்ல இயக்குநரின் மறுப்பு எந்த விதத்திலும் குறுக்கே நிற்கவில்லை. அவர் மறுத்தது 'நாய் சமம் இன்னது' என்ற கணக்கை.

கடைசில வர்ற அந்தக் குருவி பொம்மை மாதிரியே இருந்துச்சு. பட்ஜெட் இல்லையா?

டேவிட் லிஞ்சின் 'ப்ளூ வெல்வெட்' (1986). நாயகி நடுவில் ஒரு கனவு சொல்கிறாள்: உலகமே இருண்டு கிடக்கிறது, ஆயிரக்கணக்கான ராபின் பறவைகள் வந்து அன்பைக் கொண்டுவருகின்றன. கடைசியில் ஜன்னலோரம் ஒரு ராபின் வந்து உட்கார்கிறது. கனவு பலித்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். அதன் அலகில் ஒரு பூச்சி நெளிகிறது. படத்தின் ஆரம்பத்தில் அழகான புல்தரைக்கு அடியில் இதே மாதிரி பூச்சிகள் மொய்ப்பதைக் காட்டியிருந்தார். பறவையும் உயிருள்ளதாகத் தெரியவில்லை, பொம்மைபோலத் தலையைத் திருப்புகிறது.

காசு இல்லாததாலோ என்னவோ, திரையில் நிற்பது அந்தப் பொம்மைக் குருவிதான். அன்பு வந்துவிட்டது என்று நம்பச் சொல்கிற இடத்தில் நம்ப முடியாத ஒரு பறவை. 2025-இல் இறக்கும்வரை லிஞ்ச் தன் படங்களை விளக்க மறுத்தே வந்தார். அதனால் இதற்கு மேல் நம் பாடு.

முயல் தலை மாட்டிக்கிட்டு மனுஷங்க பேசறாங்களே, அதையும் மிருகக் கணக்குல சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அதுவும் லிஞ்ச் செய்ததுதான். 2002-இல் தனித் தொடராக எடுத்து, 'இன்லேண்ட் எம்பயர்' (2006) படத்திலும் பயன்படுத்தினார். ஒரு முயல் துணிக்கு இஸ்திரி போடுகிறது, வெளியே மழை, சம்பந்தமே இல்லாத இடத்தில் பார்வையாளர் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இங்கே முயலின் குணத்தை ஆராய்வதில் பலன் இல்லை. முகம் மறைந்துவிட்டது, உணர்ச்சி தெரியவில்லை, சிரிப்பும் தப்பான இடத்தில் வருகிறது. தொலைக்காட்சிக் குடும்பத் தொடரின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சுகிறது. முகமூடியாகப் பாருங்கள், விடை பக்கத்தில் வரும்.

எங்க தோட்டத்துல சாயங்காலம் காட்டெருமை வந்து நிக்குது. அது வெறும் காட்டெருமை. அதே திரையில நின்னா மட்டும் எப்படிங்க குறியீடு ஆகும்?

இவ்வளவு கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏற்காட்டுக்காரர் கேட்டது. சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் ஒரு டன்னை நெருங்கும் உடம்பு சத்தமே இல்லாமல் வந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர். அவருக்கு அது எதையும் 'குறிக்க' வேண்டியதில்லை. எந்தப் பக்கம் காது திரும்புகிறது என்பதுதான் முக்கியம், வண்டியை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யணுமே.

திரையில் அதைக் காட்டும்போது எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்திலிருந்து, எதற்கு அடுத்து என்று ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். குறியீடு பிறப்பது அந்தத் தேர்வில். ஆனால் மிருகத்துக்கு அது தெரியாது. அது நடிப்பதில்லை. ராபர்ட் பிரெஸ்ஸோனின் 'ஓ அசார் பல்தசார்' (1966) ஒரு கழுதையின் வாழ்க்கை. அதில் கழுதை சர்க்கஸில் கூண்டு கூண்டாகப் போகிறது. புலி, வெள்ளைக் கரடி, சிம்பன்சி, யானை. ஒவ்வொன்றும் அதைப் பார்க்கிறது, அதுவும் பார்க்கிறது. என்ன பேசிக்கொண்டன என்று யாராலும் சொல்ல முடியாது. நம் மனம் மட்டும் பேச்சை நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

தாய்லாந்தின் அபிசாத்போங் வீரசேத்தகுல் எடுத்த 'அங்கிள் பூன்மி' படம் (2010, கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது) ஓர் எருமையோடு தொடங்கும். மரத்தில் கட்டியிருக்கிறார்கள், அந்திநேரம், இழுத்து அறுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது, ஒரு ஆள் தேடிப் போய்ப் பிடித்து வருகிறான். முற்பிறவிகளை நினைவுகூரும் மனிதனின் கதை என்பதால் அந்த எருமை அவனாக இருக்கலாம். படம் சொல்வதில்லை. அதைப் பார்த்துவிட்டு நம் தோட்டக்காரர், "அது ஓடலை, மேயப் போச்சு. பயந்த மாடு அப்படிப் போகாது" என்றார். ஓடிப்போகிற ஆசை, விடுதலை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அடங்கிவிட்டது. மிருகத்தோடு பழகியவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அப்புறம் அர்த்தம் பேசலாம்.

நாய் வந்தா பைரவர், காக்கா வந்தா முன்னோர்னு எனக்குத் தானா தோணுதுங்க. அது தப்பா?

தோன்றுவது தப்பில்லை. அதைப் படத்தின் மேல் கட்டாதவரை சரி. பாட்டில் வெளிப்படையாகச் சொல்லாமல் மறைத்துச் சொல்லும் பொருளுக்கு உள்ளுறை என்று பெயர். அதற்குத் தொல்காப்பியம் போடும் நிபந்தனையே சுவாரஸ்யமானது: "உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்." ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், மிருகம், பறவை முதலிய கருப்பொருளில் தெய்வத்தை விட்டுவிட்டு மற்றதை வைத்துத்தான் உள்ளுறை சொல்ல வேண்டும். மயிலை வைத்து மறைபொருள் சொல்லலாம், முருகனை இழுக்காதே என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "தம்பி, உரையாசிரியர்கள் அடிக்க வருவாங்க" என்றார்.

சில படங்கள் தாங்களே சமயத்தைச் சுட்டும். 'மேக்னோலியா' (1999) படத்தில் தவளை மழை பெய்கிறது. பைபிளின் யாத்திராகமம் 8:2-இல் எகிப்தின் மேல் தவளை வாதை வரும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. படம் முழுக்க 8, 2 என்ற எண்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அங்கே பைபிளை எடுப்பது படம் கேட்டதைச் செய்வது. மேலே சொன்ன மான் படத்துக்கும் இதே நியாயம். ஸ்டாக்கர் நாய்க்குப் பைரவரை எடுக்க அப்படி ஓர் அழைப்பு எங்கேயும் இல்லை.

வெளிநாட்டுப் படமாவே சொல்றீங்களே, நம்ம பக்கத்துல இந்த மாதிரி இல்லையா?

ஏன் இல்லை? அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) போதும். இடிந்துகொண்டிருக்கும் தறவாட்டில், அதாவது கேரளத்துப் பழைய குடும்ப வீட்டில், உண்ணி என்ற சோம்பேறிக் குடும்பத் தலைவர். வீட்டில் எலித்தொல்லை. கடைசித் தங்கை பொறியில் மாட்டிய எலியை ஒவ்வொரு முறையும் குளத்துக்குக் கொண்டுபோய் முக்குவாள். அதே பாதையை நமக்குப் பழக்கிவைத்துவிட்டு, கடைசியில் சிலர் உண்ணியை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அதே குளத்தில் போடுகிறார்கள். 'எலி சமம் உண்ணி' என்று ஒரு வசனமும் இல்லை, பாதை மட்டும்தான்.

மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) படத்தில் முன்னங்கால் கட்டப்பட்ட கழுதை வேறு வகை. கட்டு அவிழ்வதும் ஊர் எழுவதும் எல்லோருக்கும் புரியவேண்டும் என்றே வைத்தது. ஐசன்ஸ்டைன் 'ஸ்ட்ரைக்' (1925) படத்தில் தொழிலாளர்கள் கொல்லப்படுவதற்கு நடுவில் மாடு வெட்டுவதைச் செருகினாரே, அந்த மரபு. அதைப் புதிர் என்று நினைத்துத் தோண்டினால் நேரம்தான் வீண். அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மந்திரக்காரன் குழந்தைகளை மிருகமாக்கி விளையாடுகிறான், நாயாகிப்போன ஒரு சிறுவன் மட்டும் மனிதனாகத் திரும்ப முடியாமல் தவறிவிடுகிறான். நெடுநாள் கழித்துத் திரும்பியதும் அவன் செய்வது, கூண்டிலிருக்கும் கிளியைத் திறந்துவிடுவது. குழந்தைகளோடு பார்க்க ஏற்ற படம்.

அந்தச் சிலந்திப் படம் சார். கடைசில ரூம் முழுக்கச் சிலந்தி. பொண்டாட்டிதான் சிலந்தியா?

டெனி வில்னெவ்வின் 'எனிமி' (2013). அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்கும் ஒருவனைக் கண்டுபிடிக்கும் கல்லூரி ஆசிரியர் கதை. 'மனைவி சமம் சிலந்தி' என்றால் இரண்டாம் கேள்வியில் சொன்ன பட்டியலுக்கே திரும்பிவிடுவோம். சிலந்தி வரும் இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஆண்கள் கூடிய ரகசிய விடுதியில் ஒரு பெண் தட்டில் வந்த சிலந்தியை மிதிக்கப் போகிறாள். கனவில் சிலந்தித் தலையோடு ஒரு பெண் கூரையில் நடப்பது போல வருகிறாள். டொராண்டோ நகரத்துக்கு மேலே ஒரு ராட்சதச் சிலந்தி நடக்கிறது. தெருவில் டிராம் கம்பிகள், விபத்தில் நொறுங்கிய கார்க் கண்ணாடி, எல்லாமே வலை மாதிரி. ஆசிரியர் வகுப்பில் நடத்துவது சர்வாதிகாரம், கட்டுப்பாடு, அது திரும்பத் திரும்ப வருவது. மனைவி ஒரே ஒருத்தி, சிலந்தி ஊர் முழுக்க.

கடைசிக் காட்சியில் அவன் விடுதிச் சாவி கையில் கிடைத்து, இன்றிரவு வெளியே போகிறேன் என்கிறான். அறைக்குள் மனைவி இருந்த இடத்தில் சிலந்தி. அது பாயவில்லை, சுவரோடு ஒட்டிப் பின்வாங்குகிறது. பயப்படுவது சிலந்தி! அவன் முகத்தில் பயமே இல்லை, 'மறுபடியுமா' என்ற அலுப்பு. ஆரம்பத்தில் மிதிபட இருந்ததும் சிலந்திதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தன்னைச் சிக்கவைக்கிற வலை என்று அவன் பார்ப்பதெல்லாம் அவன் காலுக்கு அஞ்சி ஒடுங்குகிற ஒன்று என்று எனக்குப் படுகிறது. படத்துக்கு மூலம் சரமாகோவின் நாவல். இந்தச் சிலந்தி அதில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. அதனால் நாவலில் விடை தேடிப் போகாதீர்கள்.

ஒரே மிருகத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு அர்த்தம் சொல்றாங்க. யார் சொல்றது சரின்னு எப்படி முடிவு பண்றது?

எந்த விளக்கத்துக்குக் காட்சிகள் அதிகம் ஒத்துப்போகின்றன, எது இடிக்கிற காட்சியைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று பாருங்கள். பேலா தார் எடுத்த 'வெர்க்மைஸ்டர் ஹார்மனீஸ்' (2000) படத்தில் ஒரு சின்ன ஊருக்கு லாரியில் செத்த திமிங்கிலம் ஒன்று காட்சிக்கு வருகிறது. சதுக்கத்தில் ஆண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். பிறகு கலவரம். திமிங்கிலம்தான் கூட்டத்தை வெறியாக்கிய தீய சக்தி என்று ஒரு மாணவர் வாதாடினார். கொலுசுப் பட்டறைக்காரர் மடக்கினார்: "அதை எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்தாங்க?" தபால் சுமக்கும் யானோஷ் என்ற இளைஞன் உள்ளே போய் அதன் கண்ணருகில் நின்று கடவுளின் படைப்பை வியக்கிறான். கூட்டத்தை ஏவுவது திமிங்கிலத்தோடு வந்த 'இளவரசன்' என்பவனின் பேச்சு. தீய சக்தி விளக்கம் இதில் இடிபடுகிறது.

எல்லாம் முடிந்தபின், உடைந்த வண்டியில், பனிமூட்டத்தில் திமிங்கிலம் திறந்தவெளியில் கிடக்கும். இப்போது அதைப் பார்க்க வருபவர் யானோஷ் இல்லை, வயதான இசை அறிஞர். அவர் அதன் கண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார். கடவுள், அரசு, கலை என்று எதைச் சொன்னாலும் இந்த இரண்டு கண் காட்சிகளையும் சேர்த்து விளக்கினால் ஏற்றுக்கொள்ளலாம். அப்படி இரண்டு மூன்று விளக்கங்கள் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

சில படத்துல மிருகத்தை நிஜமாவே கொன்னிருக்காங்களாமே. அது தெரிஞ்ச பிறகு அர்த்தம் மாறுமா?

எனக்கு மாறுகிறது. 'ஆண்டலூசிய நாய்' படத்தில் வெட்டுப்பட்டது செத்த கன்றுக்குட்டியின் கண். தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ருப்லேவ்' (1966) படத்துக்காக அடிமாட்டுக் கூடத்திலிருந்து வாங்கிய குதிரையைச் சுட்டு மாடிப்படியில் விழவைத்தார்கள். போரின் கொடுமையைக் காட்டத்தான். ஆனால் அந்தக் குதிரையின் தடுமாற்றத்தில் நான் 15-ஆம் நூற்றாண்டு ருஷ்யாவைப் பார்ப்பதில்லை, அந்தப் படப்பிடிப்பைத்தான் பார்க்கிறேன். அதே படம் ஆரம்பத்தில் ஒரு குதிரை தரையில் சுகமாகப் புரளுவதைக் காட்டுகிறது. அந்தக் காட்சி இன்னும் அப்படியே நிற்கிறது. இதில் நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வலி உண்மை என்பதால்தான் காட்சி உண்மை என்பவர்களும் இருக்கிறார்கள்.

யூடியூப்ல 'முடிவு விளக்கம்' பார்த்துட்டுப் படம் பார்த்தா சுலபம்தானே?

சுலபம்தான். படம் பார்த்த மறுநாள் பாருங்கள். முன்னாடியே பார்த்தால் சிலந்தி எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள், கம்பிகள் கண்ணில் படாது.

நான் ஏற்காட்டுல ஒரு குறும்படம் எடுக்கறேன் அண்ணா. மர்மமா இருக்கட்டும்னு ஒரு ஆந்தை வைக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?

வேண்டாம். ஆந்தையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'படத்துக்குத்தான்' என்று வாடகைக்குக் கொண்டுவருபவரிடமும் போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் கேமரா வைக்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். தணிக்கைச் சான்று வாங்கிப் பொதுவில் திரையிடும் எண்ணம் இருந்தால் ஆடு மாடு நடித்தாலும் விலங்கு நல வாரியத்தின் அனுமதி கேட்பார்கள். அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், ஆந்தை வந்ததும் பார்ப்பவர் 'சாவு' என்று எழுதிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். உங்கள் கதையில் அந்தப் பாட்டி தனியாக இருக்கும் வீடு நாகலூர்ப் பக்கம் என்றீர்கள். அங்கே தினமும் அந்த வாசல் வழியாகப் போகும் ஆடுகளைப் பாருங்கள். முதல் காட்சியில் அவை நிற்காமல் போகட்டும். பாட்டி இல்லாத நாளில் ஒன்று மட்டும் வாசலில் நின்று உள்ளே பார்க்கட்டும். ஆடு நீங்கள் சொன்னபடி நிற்காது, அதனால் நாலைந்து சாயங்காலம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவர் நேரத்துக்குக் காசு கொடுத்துவிடுங்கள். மலையில் மூடுபனி இறங்கினால் சீக்கிரமே பட்டிக்கு ஓட்டிவிடுவார். நான்கு மணிக்கெல்லாம் கேமரா தயாராக இருக்க வேண்டும்.